நடுங்காத கோடு

2003 ஜூன் 16, திங்கள்

இன்று கம்ப்யூட்டர் லேப் திறந்தாயிற்று. அலுவலகத்துக்கு அடுத்த அறை. உடைந்த மர ஸ்டாண்டுகளும் பழைய பரீட்சைத் தாள்களும் கிடந்த இடம். காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டி, எட்டு மெஷின் போட்டிருக்கிறோம். திருச்சியில் ஓர் ஓவியக் கல்லூரிக்கு இது பெரிய விஷயம் என்று முதல்வர் சிவப்பிரகாசம் பேசினார். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். விளம்பரக்கலை வகுப்புகள் குறையாது, இது கூடுதல். சாவி இனிமேல் என் கைப்பையில்.

மானிட்டர்களுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அவர் உள்ளே வரவில்லை. டிராயிங் துறைத் தலைவர், என் கணவர், கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்தவர், வாசலில் நின்றுகொண்டு "மெஷினுக்குமா குங்குமம்?" என்றார். பசங்கள் சிரித்தார்கள். மகிழ்நன் சார் எது சொன்னாலும் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது சட்டையில் கொட்டிக்கொண்டார். சூடு ஜாஸ்தி என்றார். நான் ஆற்றித்தான் கொடுத்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

கரி அப்பிய விரலோடு ஒருவன் கீபோர்டைத் தொட்டுவிட்டான். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். செருப்பு வெளியே, கை கழுவிவிட்டு உள்ளே. கோயில் மாதிரி ஆக்கிட்டீங்களே மேடம் என்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

மூன்றாம் வருடப் பெண் பர்வீன் லேப்புக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாள்: "மேடம், சார் இப்பல்லாம் போர்டுல என்னையே வரையச் சொல்றாரு. அவர் பக்கத்துல நின்னு சொல்லுவாரு, நான் வரைவேன்."

இருபத்தைந்து வருடமாக டிராயிங் ஹாலில் அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தால் பின்வரிசைப் பையன்கள் எழுந்து நிற்பார்கள். தோளிலிருந்து ஒரே இழுப்பு. ஒரு ஆள் நிற்பதை, உட்காருவதை, குனிவதை, கையை எடுக்காமல் ஒரே கோட்டில். நான் மாணவியாக இருந்தபோது பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். ஆளை அப்புறம்தான் பார்த்தேன்.

காலையில் கன்னத்தில் இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

புத்தூரில் நரம்பு டாக்டர். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளி, "ஒரு சுருள் வரைங்க. கொசுவத்தி மாதிரி. நடுவுலேருந்து வெளிய" என்றார்.

என்ன வேலை பார்க்கிறார் என்று டாக்டர் அதுவரை கேட்கவில்லை.

அவர் வரைந்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிருக்கு ஒன்றும் இல்லையாம். பயப்படுகிற வியாதி இல்லையாம். சிலருக்கு ஐம்பதில் இப்படி ஆரம்பிக்குமாம். கை சும்மா இருக்கும்போது நடுக்கம் வராது, வேலை செய்யப்போனால் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம். இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை இவருக்கு ஆகாது, மூச்சிழுப்பு இருக்கிறது. வேறொன்று எழுதித் தந்தார், தூக்கம் வருமாம்.

"என்ன வேலை சார் பாக்குறீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"வாத்தியார்" என்றார் இவர்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தில்லைநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ரசம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பாயசத்தை இலையில் ஊற்றச் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. நல்ல சாப்பாடு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். டிராயிங் வகுப்பில் சார் வரைந்து காட்டுவதில்லை என்று முதல் வருடப் பெற்றோர் ஒருவர் சொன்னாராம்.

"தோள்பட்டை வலி சார். பிசியோதெரபி போயிட்டிருக்கார்" என்றேன்.

"அப்படியா, பாவம். எங்க வீட்லயும் தோள்பட்டைதான்" என்றார்.

அந்தப் பேச்சோடு பேச்சாக இரண்டாவது லேப் கேட்டு வைத்தேன். மாடியில் அச்சு அறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பசங்கள் முறை வைத்து உட்காருகிறார்கள், போதவில்லை. கூடவே டேப்லெட்டும் வேண்டும்: ஒரு பலகை, அதன்மேல் பேனா, வரைவது திரையில் விழும். மவுஸைப் பிடித்துப் படம் வரைவது சோப்புக் கட்டியைப் பிடித்து வரைவது மாதிரி. மாணவர் நலன் கருதி என்று எழுதிக் கொடுத்தேன். சென்னையில் பயிற்சியின்போது பார்த்திருக்கிறேன். அந்த சாஃப்ட்வேரில் 'ஸ்மூத்' என்று ஒன்று உண்டு. கோணல்மாணலாக வரைந்தாலும் கோட்டைத் தானே சீராக்கிவிடும்.

அக்டோபர் 8, புதன்

நிர்வாகம் சம்மதித்துவிட்டது. முதல்வரே நம்பவில்லை. "எப்படி மேடம் இவ்வளவு விடாப்பிடியா இருக்கீங்க?" என்றார். நான்கு தடவை செயலாளர் வீட்டுக்கே போய்வந்தேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்டவ்வைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றிச் சமையல்.

நவம்பர் 20, வியாழன்

மாடி லேப்பில் எலி. புது ஒயரைக் கடித்திருக்கிறது.

2004 ஜனவரி 19, திங்கள்

இரண்டாவது லேப் திறப்பு. இருபது மெஷின், பத்து டேப்லெட். ஊரில் வேறெங்கும் இல்லை என்று சப்ளை செய்தவரே சொன்னார். பசங்கள் பேனாவைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். மாத்திரையால் அவர் மத்தியானமெல்லாம் தூங்கினார், கை அப்படியேதான் இருந்தது. டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார்.

"எனக்கு டாக்டரும் டேப்லெட் கொடுக்கறாரு, நீயும் டேப்லெட் கொடுக்கறே கோதை" என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் சொன்ன ஜோக்.

ஜனவரி 24, சனி

அரைநாள் கல்லூரி. எல்லோரும் போனபின் அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்திக்கொண்டோம். கூச்சமாக உட்கார்ந்தார், சலூனுக்கு முதல்முறை வந்த குழந்தை மாதிரி.

ஒரு கோடு இழுத்தார். திரையில் அது கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. தாளில் தெரிவதைவிடப் பெரிதாக, வெளிச்சமாக. பேனாவைக் கீழே வைக்கப் போனார்.

"இருங்க" என்று ஸ்மூத்தைக் கூட்டினேன். "இப்ப இழுங்க."

இழுத்தார். கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பிசிறு இல்லை. அவர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். நான் ஏசியைக் குறைக்கப் போவதுபோல எழுந்துபோய்விட்டேன்.

குடத்தோடு ஒரு பெண், சைக்கிள்காரர், காக்கா என்று வரைந்து தள்ளினார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, வேண்டுமென்றே கையை உதறி உதறிக் கிறுக்கினார். அதுவும் அழகான வளைவாக வந்து நின்றது.

"நான் குடிகாரன் மாதிரி போட்டாலும் இது நல்ல பிள்ளை மாதிரி போடுது" என்றார்.

"நல்லதுதானே."

"ம்."

ஜனவரி 31, சனி

அவரும் வந்தார். கொஞ்ச நேரம் வரைந்தார்.

பிப்ரவரி 7, சனி

இழுப்பு அதிகமாக இருக்கிறது, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வரவில்லை. நான் மட்டும் போய் மெஷின்களுக்கு வைரஸ் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21, சனி

லால்குடியில் என் அத்தை மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. கிளம்பும்போது அவர் லேப் சாவியைக் கேட்டார். அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குப் புதுமனை வீட்டில் கால் தரிக்கவில்லை.

சாயங்காலம் திரும்பினால் எனக்கு முன்பே வந்து, சட்னி அரைத்து வைத்திருந்தார். ஏதோ மெட்டை முனகிக்கொண்டே தோசை சாப்பிட்டார். "என்ன வரைஞ்சீங்க?" என்றேன்.

"நாலு வரைஞ்சேன். அந்தப் பொண்ணு பர்வீன் அசைன்மென்ட் முடிக்க வந்துச்சு, கூட உக்காந்து பாத்துச்சு. நீ திங்கக்கிழமை பாரு. நான் சொல்லமாட்டேன்."

பெங்களூரில் இருக்கும் மகள் நன்முல்லையிடம் போனில் வெகுநேரம் பேசினார். ஸ்மூத்தைக் கையாளத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. எனக்கு இது போதும்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன். ஸ்மூத் பூஜ்யத்தில் இருக்கிறது. கூட்ட மறந்துவிட்டிருக்கிறார். நாலு படமும் நடுங்கிப்போயிருக்கிறது. தண்ணீர் வற்றிக் கிடக்கும் காவிரி, ஒரு கோரைப்புல் திட்டு, பாலத்தில் போகும் ரயில், தலை துவட்டிக்கொண்டிருக்கும் நான்.

பசங்கள் வரும் சத்தம் கேட்டது. மூடிவிட்டேன்.

வீட்டில் "பாத்தியா?" என்றார்.

"நெட்வொர்க் ஆளு வந்துட்டாருங்க. இன்னும் நேரமே கிடைக்கல."

"சரி, மெதுவா பாரு" என்றார்.

பிப்ரவரி 26, வியாழன்

"பாத்தியா?" என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மார்ச் 11, வியாழன்

மூன்றாவது லேப் வருகிறது! ஐம்பது மெஷின், அனிமேஷன் வகுப்பு, எல்லாம். அறக்கட்டளைத் தலைவர் இருபத்தாறாம் தேதி வருகிறார், பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். ஆசிரியர்களின் கம்ப்யூட்டர் ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்க முதல்வர் சொல்லியிருக்கிறார். இடம்தான் பிரச்சினை. ஐம்பது மெஷின் வைக்க டிராயிங் ஹால் ஒன்றுதான் தோது, அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 18, வியாழன்

அவருடைய நாலு படத்தையும் சரிசெய்தேன். கோடுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஸ்மூத் கொடுத்தால் ஒரு நொடி வேலை. ஒரு தடவை போதவில்லை, மூன்று தடவை கொடுத்தேன். ஆற்று மணல் பட்டுத் துணி மாதிரி ஆகிவிட்டது. என் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கல்யாணத்தின்போது வரைந்து கொடுத்தாரே, கிட்டத்தட்ட அப்படி. பழைய மகிழ்நன் கோடு. அதே பெயரில் சேவ் செய்து, பெரிதாகப் பிரின்ட் போட அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. அங்கே வந்து பார்க்கட்டும்.

இனி தோள்பட்டை அது இது என்று யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

மார்ச் 26, வெள்ளி

தலைவர் வந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. மூன்றாவது லேப் உறுதி.

கண்காட்சியில் எல்லோரும் அந்த நாலு படத்தின் முன்தான் நின்றார்கள். தலைவர் அவருடைய கையைப் பிடித்து, "என்ன கை சார் இது! தங்கக் கை!" என்று குலுக்கினார். விடவே இல்லை. போட்டோக்காரர் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். பிடித்த கைக்குள் இவர் கை என்ன செய்தது என்று தலைவருக்குத் தெரிந்திருக்கும். சட்டென்று முகம் மாறி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கு. யாரு வரைஞ்சது?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். கீழே அவர் பெயர்தான் ஒட்டியிருந்தது.

மார்ச் 29, திங்கள்

பர்வீன் லேப்பில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து வந்தாள்.

"மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. சார் அன்னைக்கு வரைஞ்சது இது இல்லையே?"

"அதேதாம்மா. கொஞ்சம் க்ளீன் பண்ணினோம்."

"அன்னைக்கு அந்தப் புல்லு அசைஞ்சுது மேடம். காத்து அடிக்கற மாதிரி. மணல்ல சூடு பறக்கற மாதிரி இருந்துச்சு. அவரே சொன்னாரு, 'பாருமா, கை தானா போடுது, நான் சும்மா கூடப் போறேன்'னு. ஒவ்வொண்ணா முடிச்சிட்டு எங்கிட்ட, 'உங்க மேடம் பாக்கட்டும், பாக்கட்டும்'னாரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு பிரின்டரில் இங்க் மாற்றும் வேலை இருந்தது.

மார்ச் 30, செவ்வாய்

"அந்தச் சனிக்கிழமை போட்டது இருக்கா?" என்று கேட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதே பேர்ல சேவ் பண்ணிட்டேங்க. பழசு மேலயே."

"பழசு வராதா?"

"வராது."

"சரி விடு."

முழு நாளும் எல்லா மெஷினிலும் தேடினேன். சிடிகளில் தேடினேன். நெட்வொர்க் ஆளை வரவழைத்தேன். இல்லை.

ஏப்ரல் 3, சனி

"வாங்க, போலாம்" என்றேன். "ஸ்மூத்தைத் தொடவே மாட்டேன். நீங்க வரைஞ்சது வரைஞ்சபடி இருக்கட்டும். அதே மாதிரி இன்னும் நாலு போடுங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"இந்தக் கையைப் பாத்து எனக்கு வெக்கமா இருந்துச்சு, கோதை. எட்டு மாசம். பந்தியில, கிளாஸ்ல, எங்க போனாலும். அன்னைக்குத்தான் அது போச்சு. இதுவும் என் கைதான்னு தோணிச்சு. உங்கிட்ட காட்டணும்னு ஓடி வந்தேன்."

அவர் மடித்து வைத்த தாளை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"உனக்கும் வெக்கமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதை அந்தச் சுவத்துல பாத்தேன்."

"அப்படியில்லைங்க. உங்களுக்காகத்தான்... இத்தனை லேப்பும் நான் யாருக்காக..."

"தெரியும்" என்றார். "அதனாலதான் ஒண்ணும் சொல்ல முடியல."

ஏப்ரல் 12, திங்கள்

ஆசிரியர் கூட்டம். இடம் எங்கே என்று முதல்வர் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்து, "டிராயிங் ஹாலை எடுத்துக்குங்க. நான் விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்து.

மே 6, வியாழன்

ஹாலின் வடக்கு ஜன்னல்களுக்கு பிளைவுட் அடிக்கிறார்கள். திரையில் வெளிச்சம் விழக்கூடாது. நான்தான் அளவு கொடுத்தேன்.

மே 16, ஞாயிறு

அவர் பெங்களூர் போயிருக்கிறார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று நன்முல்லை சொன்னாள். ஒரு பெட்டி மட்டும். பத்து பதினைந்து நாளில் வந்துவிடுவார்.

ஸ்டேஷனில் என் கையால் காபி கப்பைப் பிடித்து ஊட்டப்போனேன். வேண்டாம் என்று ஸ்ட்ரா வாங்கிக்கொண்டார்.

ஜூன் 14, திங்கள்

மூன்றாவது லேப் திறப்பு. ஐம்பது மெஷின். பத்திரிகையில் என் போட்டோ. பர்வீன் வரவில்லை.

ஜூலை 11, ஞாயிறு

போன். அங்கே மழையாம். இங்கே வெயில் என்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்றதற்கு, "அதே சுருளைத்தான் வரையச் சொன்னாரு" என்றார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நன்முல்லை சொல்கிறாள், அப்பா இங்கே நல்லா இருக்காரும்மா, காலையில பார்க்குக்குப் போறாரு, கன்னடம் கத்துக்கறாரு, பக்கத்து வீட்டுக்காரரோட கேரம் ஆடறாரு, விரல் ஆடினா ரெண்டு பேரும் சேந்து சிரிக்கிறாங்க என்று. நல்லது என்றேன்.

வரைகிறாரா என்று கேட்டேன்.

இல்லை என்றாள்.

அக்டோபர் 5, செவ்வாய்

நாலாவது லேப் பற்றி முதல்வர் பேச்செடுத்தார். வேறு யாரிடமாவது கொடுங்கள் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்ப சார் வேணும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, சனி. பெங்களூர்

எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, விடுமுறை மட்டும் உண்டு. நேற்று ரயிலேறி இன்று காலை வந்து சேர்ந்தேன். அவருக்குப் பிடித்த புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு ஸ்வெட்டர். வழி நெடுக என்ன பேசவேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் படங்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன, நடுங்கியபடியே. திரையில் ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடம்கூட முழுசாகப் பார்க்கவில்லை, ஆனாலும் கோரைப்புல் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லவேண்டும். நான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அன்றைக்கே பார்த்தேன், திங்கட்கிழமையே.

காலிங் பெல் அடித்தேன். அவர்தான் கதவைத் திறந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். முகத்தில் கீறல் இல்லை, தாடி வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்பது பொய்யில்லை. என் பையை வாங்கிக்கொண்டு ஓரமாக விலகி வழிவிட்டார்.

"வாங்க" என்றார். "வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?"

இருபத்து நான்கு வருடத்தில் ஒருநாளும் என்னை அவர் வாங்க என்றதில்லை. உள்ளேயிருந்து நன்முல்லை, "என்னப்பா, அம்மாவுக்கு இவ்வளவு மரியாதை!" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கேலியாகச் சொன்னதில்லை அது. அவர் கவனித்தே சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது.

நான் சிரித்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.